நானூற்றுப் பன்னிரண்டு பக்கத் தயக்கம்

பேராசிரியர் சுப்பராயனுக்கு ஒருவரைப் பிடிக்காமல் போனால் அதற்குக் காரணம் எப்போதும் அறம்தான். பொறாமையாக இருக்கவே முடியாது. இதை அவரே பல தடவை, யாரும் கேட்காமலேயே சொல்லியிருக்கிறார்.

கௌதமைப் பிடிக்காமல் போனதும் அறத்தால்தான். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அந்தத் தனியார் கல்லூரியில் கௌதம் அவரிடமே படித்தவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் பெஞ்சு மதிப்பெண் வாங்கியவன். பிறகு அதே ஆங்கிலத் துறைக்கு ஆசிரியராக வந்து அவருக்கு எதிர் மேசையிலேயே உட்கார்ந்தான். அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வந்த நாலாவது வருடம் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்துப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தும் விட்டான். நாலே வருடம்! சுப்பராயன் தன் ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைக்கவே அதைவிட நாலு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டவர்.

அவருடைய தலைப்பு, 'செவ்வியல் நாடகத்தில் துன்பியல் நாயகன் செயல்படத் தயங்குவது ஏன்?' பதினான்கு வருட உழைப்பு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாயகன் கையில் வாள் இருக்கிறது, எதிரே எதிரி இருக்கிறான், நியாயமும் இவன் பக்கம் இருக்கிறது. ஆனாலும் ஐந்து அங்கம் முடிகிறவரை பேசிக்கொண்டே இருக்கிறானே, ஏன்? இதற்குப் பதினேழு காரணங்களைச் சுப்பராயன் கண்டுபிடித்திருந்தார். பதினெட்டாவது ஒன்றும் இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் ஆய்வேடு இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. இதற்கிடையில் கால நீட்டிப்பு கேட்டு அவர் எழுதிய ஐந்து விண்ணப்பங்களின் நடையைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ரசித்துப் படித்ததாகக் கேள்வி.

இந்த வருடம் நீட்டிக்க முடியாத ஒரு தேதி வந்தது. துறைத் தலைவர் பக்ருன்னிசா மேடம் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முனைவர் பட்டம் வாங்கியவர், அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கு ரசீதாவது வைத்திருப்பவர்தான் அடுத்த தலைவர் என்று தாளாளர் சொல்லிவிட்டார். இருவர் இருந்தால் மூத்தவருக்கு முதலிடம்.

மேடம் அவரைக் கூப்பிட்டு உடைத்தே சொன்னார்.

"சுப்பராயன், அந்தத் தீசிஸைக் கட்டிக் குடுத்துட்டு ஒரு ரசீது வாங்கியாந்துடுங்க. சீனியர் நீங்கதான். இந்த நாற்காலி உங்களுது. இல்லன்னா கௌதமுக்குப் போய்டும், அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லாதீங்க."

"குடுத்துடலாம் மேடம். ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு."

"பதினாலு வருஷமாவா?"

"ஆராய்ச்சின்னா உறுத்தணும் மேடம்."

"எனக்கு முழங்கால் உறுத்துது. அதுக்காக நான் ரிட்டயர் ஆவாம இருக்கேனா?"

அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. அதோடு கூட வருபவை ஒரு பெயர்ப்பலகை, ஒரு ஏர் கூலர், ஆசிரியர் கழிவறைக்குத் தனிச் சாவி. அவ்வளவுதான் ராஜ்யம். ஆனால் இதைவிடச் சின்ன ராஜ்யங்களுக்காகவும் இளவரசர்கள் செத்திருக்கிறார்கள் என்று நூற்று எழுபதாம் பக்கத்தில் சுப்பராயனே எழுதியிருக்கிறார்.

கிளம்பிப் போய்க் கொடுத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அந்த வாரம்தான் அறிவிப்புப் பலகையில் கௌதமின் வாய்மொழித் தேர்வு அறிவிப்பை ஒட்டினார்கள். மே மாதம், கல்லூரிக் கருத்தரங்க அறையில், பொதுமக்கள் முன்னிலையில், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கூடவே இரண்டு பக்கத்துக்கு ஆய்வுச் சுருக்கம். பிடிக்காதவன் எழுதியதைப் படிப்பதுபோல, தலையைச் சற்றே சாய்த்து சுப்பராயன் படித்தார். இரண்டாம் பக்க நடுவில் தலை நிமிர்ந்தது.

'நாயகன் தயங்குவது வாளைக் கண்டு அல்ல. வெட்டி முடித்த பிறகு தான் யாராக இருப்போம் என்பதைக் கண்டு.'

இது அவர் வாக்கியம். மூன்றாம் இயலில் இருப்பது. எட்டு வருடத்துக்கு முன்னால், மாணவனாக இருந்த கௌதமிடம் பிழை பார்க்கச் சொல்லி அந்த இயலை அவரே கொடுத்திருந்தார். சுருக்கத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை.

திருட்டு!

சுப்பராயன் உடம்பில் பல வருடமாக இல்லாத ஒரு தெம்பு பரவியது. இனிமேல் தான் ஆய்வேடு கொடுக்காதவர் அல்ல; வஞ்சிக்கப்பட்டவர். இரண்டுக்கும் அந்தஸ்தில் எவ்வளவு வித்தியாசம்! பதினான்கு வருடமாக யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாரோ அவனாகவே ஆகிவிட்டார். பலகைக்கு முன்னால் ஒரு கையை இடுப்பில் வைத்துச் சிறிது நேரம் நின்றார். துப்புரவுப் பணியாளர், "சார், கொஞ்சம் நவுருங்க," என்று தரையைப் பெருக்கிக்கொண்டு போனார்.

உடனே மேடத்திடம் போய்ச் சொல்லத்தான் கிளம்பினார். ஆனால் அது நோன்பு மாதம். தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்மணியிடம் திருட்டுப் புகார் சொல்வதா? திரும்பிவிட்டார். பண்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா. பெருநாள் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தார். பெருநாளன்று மேடம் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் வந்தன. கொண்டுவந்து கொடுத்தவன் கௌதம். சாப்பிட்ட வீட்டில் போய்ச் சண்டை வலிப்பது எப்படி? அதுவும் பிரியாணி நன்றாக இருந்துவிட்டது.

கௌதம் அன்றைக்கு இன்னொன்றையும் இரண்டு கையாலும் நீட்டினான். பிளாஸ்டிக் உறை போட்ட தடித்த புத்தகம்.

"சார், தீசிஸ். நீங்கதான் மொதல்ல படிக்கணும்னு ஒரு காப்பி ஜாஸ்தியா போட்டேன்."

"வை, பாக்கறேன்."

அதை உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்தார். திருட்டுப் பொருளைப் பிரித்துப் பார்ப்பது அறமல்ல என்பது அவர் கட்சி. அது நன்றாக இருந்துவிடுமோ என்ற பயம் என்று யாராவது சொன்னால் அவர் மறுத்திருப்பார்.

சுப்பராயனின் மனைவி கிறிஸ்டினா ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் லெதர் செலக்டர். வந்திறங்கும் தோலை வெளிச்சமான மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவை தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது வேலை. ஒரு தோலுக்கு ஐந்து நொடி. இவர்கள் கல்யாணமும் அப்படித்தான். சொந்த ஊரான கணியம்பாடியில் வீட்டாரிடம் காதலை எப்படிச் சொல்வது என்று இவர் மூன்று வருடம் யோசித்துக்கொண்டிருக்க, அவள் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுப் பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சத்துவாச்சாரியில் இருந்த அவர்கள் வீட்டில் ஒரு சாயங்காலம், கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவளிடம் திருட்டின் முழு வரலாற்றையும் சொன்னார். அவள் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"இதுல இன்னா இருக்குது? நேராப் போய், 'ஏம்ப்பா கௌதம், இது என் வரிதான'ன்னு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா உஷாராய்டுவான். வாய்மொழித் தேர்வுல, எல்லார் முன்னாலயும், ஒரே ஒரு கேள்வி. 'இந்த வாக்கியம் யாருடையது?' அவ்ளோதான். அங்கேயே விழுந்துடுவான்."

"அவன் விழுந்தா உங்களுக்கு ரசீது வந்துடுமா?"

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி பிடிக்காதபோது அவர் கண்ணாடி அழுக்காகிவிடும்.

"ஏங்க, அந்த நானூறு பக்கத்தை எடுத்துனு போய் குடுத்துட்டா, அவன் நின்னா இன்னா, விழுந்தா இன்னா? நாற்காலி உங்களுதுதான?"

"இது நாற்காலி விஷயம் இல்ல கிறிஸ்டி. இது நீதி விஷயம்."

"பெரிய பேஜாருங்க உங்களோட." அவள் கொஞ்ச நேரம் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "எங்க ஃபேக்டரிக்கு எதுத்தாப்ல கௌசர் பாய்னு ஒருத்தர் கொடவுன் வெச்சிருக்காரு. ஒரு லாட்டு, அறுநூறு தோலு. அது ஃபர்ஸ்ட் கிரேடுன்னு அவருக்கு ஒரு நெனப்பு. யார் வாங்க வந்தாலும் கட்டைப் பிரிச்சு டேபிள்ல போட வுடமாட்டாரு. பிரிச்சாதான நாங்க கை வெச்சுப் பாப்போம்? உண்ணி கடிச்சது, முள்ளு கிழிச்சது எல்லாம் தெரியும். பிரிக்காத வரைக்கும் ஃபர்ஸ்ட் கிரேடுதான? ஆறு வருஷம் ஃபர்ஸ்ட் கிரேடாவே இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பூஞ்சை புடிச்சுச்சு."

"இதுக்கும் என் ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் எங்க சம்பந்தம்னு சொன்னேன்? தோலைப் பத்தி சொன்னேன். எழுந்து வாங்க, சாப்பாடு ஆறுது."

சாப்பிடும்போது சுப்பராயனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. நாயகன் தயங்குவதற்குப் பதினெட்டாவது காரணம் ஒருவேளை இதுவாகவே இருக்கலாம். ஆனால் மேற்கோள் காட்ட முடியாது. ஷூ ஃபேக்டரிப் பணியாளர், ரசம் ஊற்றியபடி சொன்னது என்று அடிக்குறிப்பு போட்டால் எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும்? ஆகவே அதை மறந்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வு நாளில் அவர் சலவைச் சட்டையில் வந்தார். பைக்குள் நாலாக மடித்த தாள். அதில் ஒரே ஒரு கேள்வி. ஏழு தடவை திருத்தியது. கருத்தரங்க அறையில் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் கௌதம் முகம் கௌதமைவிடச் சிவப்பாக இருந்தது. முன்வரிசையில் மேடம். பின்னால் சமோசாவுக்காக வந்த மாணவர்கள். கௌதமின் அப்பாவும் அம்மாவும் ஓரமாக, கல்யாண வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தைச் சுப்பராயன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். அவருக்கும் இப்படி ஒருநாள் வந்திருக்க வேண்டும். அவருடைய அம்மா கணியம்பாடியிலிருந்து இதற்கென்று ஒரு புதுப்புடவையே எடுத்து வைத்திருந்தார். பிறகு அதை யாருடைய காதுகுத்துக்கோ கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கௌதம் இருபது நிமிடம் பேசினான். சாதாரணமாகத்தான் பேசினான். ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு தலையாட்டலும் சுப்பராயனின் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகவே அவருக்குப் பட்டது.

"சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் மேடம்.

சுப்பராயன் தாளை எடுத்தார். இப்போது எழலாமா? வெளித்தேர்வாளர் முதலில் கேட்கட்டுமே, அதுதானே மரியாதை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினார்.

"மூன்றாவது இயலில் ஒரு மேற்கோள் என்னை ரொம்பக் கவர்ந்தது. நாயகன் தயங்குவது வாளைக் கண்டு அல்ல, என்று ஆரம்பிக்கும். அடிக்குறிப்பில், க. சுப்பராயன், முடிக்கப்படாத ஆய்வேடு, கையெழுத்துப் பிரதி, பக்கம் நூற்றுப் பதினேழு என்று போட்டிருக்கிறீர்கள். பதினொரு இடத்தில் இவரைக் காட்டியிருக்கிறீர்கள். நன்றியுரையிலும் முதல் பெயர் இவர்தான்."

"ஆமா சார்."

"பெரிய சிந்தனையாளராக இருந்திருக்கிறார். அன்னார் எப்போது காலமானார்? குடும்பத்தாரிடம் முறைப்படி அனுமதி வாங்கினீர்களா?"

மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கௌதமின் முகம் பேனரில் இருந்ததைவிடச் சிவந்துவிட்டது.

"சார்... அவரு மூணாவது வரிசைல உக்காந்துனு இருக்காரு சார்."

எல்லாத் தலையும் திரும்பின. சுப்பராயன் எழுந்தார். எழாமல் இருக்க வழியில்லை. கையில் தாள். தாளில், 'இந்த வாக்கியம் யாருடையது?'

பெரியவர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிக்கணும், மன்னிக்கணும். முடிக்கப்படாத என்று பார்த்ததும் அப்படி நினைத்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட வாக்கியம்! ஏதோ கேட்க எழுந்தீர்கள். கேளுங்கள்."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுப்பராயன் தாளைப் பார்த்தார். கௌதமைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. அடிக்குறிப்புல பக்கம் நூத்திப் பதினேழுன்னு இருக்கு. இப்ப அது நூத்தி நாப்பது. நடுவுல கொஞ்சம் திருத்திட்டேன்."

"இன்னும் திருத்திக்கொண்டா இருக்கிறீர்கள்?" என்று பெரியவர் வியப்போடுதான் கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். அது கௌதமுக்கா, அந்தச் செத்துப்போன சுப்பராயனுக்கா என்று உயிரோடிருந்த சுப்பராயனுக்கு விளங்கவில்லை. யாருக்கானாலும் சரி, தனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அடிக்குறிப்பில் படுத்திருந்த அந்த மனிதர்மீது அவருக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த புத்தகத்தின் உறையைக் கிழித்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படித்தார். முதல் பக்கத்திலேயே இரண்டு பிழை. சந்தோஷமாக இருந்தது. நாலாவது இயல் சவசவ என்றிருந்தது. இன்னும் சந்தோஷம். முடிவுரை, முன்னுரையையே திருப்பிப் போட்டதுபோல இருந்தது. 'இது வெறும் சுமார்! சுமார்தான்!' என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

தட்டிய கை தொடையிலேயே நின்றுவிட்டது. இந்தச் சுமாருக்குத்தான் முனைவர் பட்டம். இது சுமார் என்பது எழுதியவனுக்கும் தெரிந்திருக்கும். கௌதம் முட்டாள் இல்லை. தெரிந்தும் கொண்டுபோய் ஊர் நடுவில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று சமோசா தின்றான். அம்மாவை அழைத்து வந்து உட்கார வைத்தான். அவனுடைய அறிவின்மேலோ அதிர்ஷ்டத்தின்மேலோ பொறாமை வந்திருந்தால், அது சுப்பராயனுக்குப் பழகியதுதான், சமாளித்திருப்பார். சுமாராக இருக்க அவனால் முடிகிறதே! இந்தப் பொறாமை புதிது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கிறிஸ்டினாவிடம், "பைண்டிங் பண்ற இடம் எங்க இருக்குது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் ஃபேக்டரிக்குப் போன் போட்டு அரைநாள் பர்மிஷன் சொன்னாள்.

அந்த மே முப்பத்தொன்று ஞாயிறு. சனிக்கிழமை அலுவலகம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, ஐந்து பிரதிகளைக் கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு இருவரும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தனகோடி என்ற எழுத்தர். அவர் ஏற்கெனவே சாப்பாட்டுக் கூடையை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்.

"சுப்பராயனா? எக்ஸ்டென்ஷன் லெட்டர் சாரா நீங்க? லெட்டர் சூப்பரா எழுதுவீங்களே சார். இன்னைக்கும் லெட்டர்தானா?"

"இல்ல. ஆய்வேடு."

தனகோடி நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "குடுங்க," என்று கையை நீட்டினார். சுப்பராயன் முதல் பிரதியை ஜன்னல் வழியே நுழைத்தார். பாதி உள்ளே, பாதி வெளியே. அந்தப் பாதி இவர் கையிலேயே இருந்தது.

"சார், வுடுங்க."

"ஒரு நிமிஷம். இருநூத்தி ஆறாம் பக்கத்துல ஒரு இடம்..."

"ஏங்க," என்றாள் கிறிஸ்டினா.

"ஒரே ஒரு வார்த்தை கிறிஸ்டி. பேனா இருக்கா?"

தனகோடி ஒரு பக்கம் இழுத்தார். சுப்பராயன் ஒரு பக்கம் பிடித்தார். ஆய்வேடு ஜன்னலில் அல்லாடியது. பின்னால் நின்றிருந்த ஒரு பெண், "அண்ணா, அஞ்சாவப் போவுது," என்றாள்.

"இன்னா சார் இது," என்று தனகோடி அலுத்துக்கொண்டார். "உங்க காலேஜ் கௌதம் சார் வந்தாரு. வெச்சாரு, கையெழுத்துப் போட்டாரு, ரசீது வாங்கினாரு, போய்ட்டாரு. ரெண்டு நிமிஷம். பைக்கைக்கூட ஆஃப் பண்ணலை."

சுப்பராயன் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. பதினேழு காரணங்களாலும் நகர்த்த முடியாத கை அது. பிரதி உள்ளே போய் விழுந்தது. இடி இடிக்கவில்லை. தனகோடி முத்திரை குத்தி, பார்க்காமலே பின்னால் இருந்த குவியலில் போட்டார்.

"அடுத்தது குடுங்க."

ஜூனில் சுப்பராயன் துறைத் தலைவரானார். மேடம் மாலை போட்டார். கௌதம்தான் முதலில் கைதட்டினான். அக்டோபரில் தேர்வாளர்களின் அறிக்கை வந்தது. 'பாராட்டத்தக்க உழைப்பு. சற்றே நீளம். காட்டப்பட்டுள்ள பதினேழு காரணங்களில் பன்னிரண்டு ஒன்றுதான். ஏற்கலாம்.' கிறிஸ்டினா படித்துவிட்டு, "செகண்ட் கிரேடு. நல்லா ஓடும்," என்றாள். அவள் கை வைத்துச் சொன்னால் அப்பீல் இல்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நாலாவது நாள் அது தன்னால் இறங்கிவிட்டதைக் கண்டு அவருக்கே ஆச்சரியம்.

டிசம்பரில் ஒரு மத்தியானம், வருகைப் பதிவு, அகமதிப்பீட்டுப் பட்டியல், யாரோ உடைத்த ஜன்னலுக்கு விளக்கக் கடிதம் என்று மேசை நிறையக் கிடந்தது. கௌதம் வாசலில் எட்டிப் பார்த்தான்.

"சார், ஆம்பூருக்குப் போய் பிரியாணி சாப்ட்டு வரலாம்னு இருக்கோம். வர்றீங்களா?"

"எப்படிப்பா வர்றது? ரெண்டு மணிக்கு மீட்டிங்."

"எனக்கும் லெட்டர் வந்துச்சு சார். துறைத் தலைவர் மட்டும் வந்தா போதும்னு போட்டிருந்தாங்க."

சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். சுப்பராயன் ஜன்னல் வழியே பார்த்தார். இன்னும் இரண்டு பேர் ஏறிக்கொள்ள, பைக் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஆம்பூர்ப் பக்கம் திரும்பியது. எந்தத் தாளும் இல்லாத கை, எந்தக் கூட்டமும் இல்லாத மத்தியானம், நெஞ்சுவரை திறந்த சட்டை. இவனுக்கு மட்டும் எப்படி எல்லாம் அமைகிறது?

நெஞ்சில் அதே பழைய இடத்தில், அதே பழைய ஊசி சுருக்கென்று குத்தியது. இத்தனை மாத அலைச்சலில் அது எங்கேயும் தொலைந்துபோய்விடவில்லை. சுப்பராயன் ஒரு பெருமூச்சுவிட்டு, வருகைப் பதிவை எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.